சுவரில் ஒரு முறை, வெட்டவெளியில் ஒரு முறை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் குளிரில் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. அறை கிடைத்ததா, வெந்நீர் வருகிறதா, என்ன சாப்பிடுகிறாய் என்று மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இனி வழக்குக்கு வருவோம். ராக்கெட் சோதனைக்கூட வேலைக்கு நீ கிளம்பிய அன்று சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்த சண்டை பாதியில் நிற்கிறது. நாம் கத்திய கத்தலில் தூங்கிக்கொண்டிருந்த என் மகள் எழுந்து அழ, அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே வாயால ஒரு வார்த்தை பேசக் கூடாது. எழுதிக் குடுங்க" என்றாள். நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தே ஓய்வு பெற்றவளுக்கு, பெற்ற பிள்ளைகளின் சண்டைகூட எழுத்தில் வந்தால்தான் சண்டை. விதி நம் பள்ளிக்கூட நாளில் இருந்ததுதான். தோற்றவர் "தோற்றேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஜெயித்தவரின் காலணியைத் துடைத்துப் பளபளப்பாக்கித் தரவேண்டும். உன் காலணியை நான் எத்தனை முறை துடைத்திருக்கிறேன் என்று எழுதினால் எனக்குத்தான் கேவலம். நீ என் காலணியைத் தொட்டதே கிடையாது.

என் வாதம் இது. மேலே போனால் காற்றே இல்லை என்று நீயே சொல்கிறாய். நான் நடக்கும்போது தரையைத் தள்ளுகிறேன். படகுக்காரன் தண்ணீரைத் தள்ளுகிறான். ஒன்றுமே இல்லாத இடத்தில் உன் ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு போகும்? பதிலை எழுத்தில் தா.

தோளைப் பற்றிக் கேட்பாய். அட்டைப்பெட்டிக் கிடங்குத் தீயில் அலமாரி சரிந்து இடித்தது வெறும் சுளுக்குதான், சரியாகிவிட்டது. ஜூன் கடைசியில் எங்கள் தீயணைப்பு நிலையத்தில் உடல் தகுதித் தேர்வு. அதில் தேறினால்தான் தொடர்ந்து தண்ணீர் ஹோஸ் முனையைப் பிடிக்க விடுவார்கள். வழக்கம்போல நான்தான் முதலில் வருவேன்.

உன் அன்புத் தம்பி

*

ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் எங்கள் சோதனைக்கூடம். வெந்நீர் காலையில் மட்டும் வரும். சாப்பாடு சாப்பிடும்படி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல், அதற்கு மேல் விவரம் சொல்லாதே. வளாகம் முழுவதுக்கும் ஒரே ஒரு தொலைபேசி. பேசும்போது பின்னால் நிற்பவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சண்டை போடக் கடிதமே வசதி.

உன் கேள்விக்கு ஒரு பலூன் போதும். ஊதி வாயை இறுக்கிப் பிடி. உள்ளே இருக்கும் காற்று எல்லாப் பக்கமும் அமுக்குகிறது. முன்னால் அமுக்குவதும் பின்னால் அமுக்குவதும் சரிக்குச் சரி, அதனால் பலூன் சும்மா இருக்கிறது. இப்போது வாயைத் திற. பின்னால் அமுக்குவதற்கு அங்கே சுவர் இல்லை, ஓட்டைதான் இருக்கிறது. முன்னால் அமுக்குவது மட்டும் மிச்சம். பலூன் ஓடுகிறது. ராக்கெட்டும் அதேதான். தன் வயிற்றில் எரிந்த வாயுவைத் தானே பின்னால் வீசுகிறது, அந்த வாயு இதை முன்னால் தள்ளுகிறது. வெளியே இருக்கும் எதையும் அது தள்ளவில்லையடா.

சொல்லப்போனால் வெளியே காற்று இருப்பதுதான் தொல்லை. சினிமா விடும்போது வாசலை மறித்துக்கொண்டு நிற்பார்களே, அந்த வேலையைத்தான் காற்று செய்கிறது. எங்கள் இன்ஜின் மேலே போன பிறகு எரிவது. அதன் பின்பக்கக் கூம்பு நீளமாக, மணியைப் போல விரிந்திருக்கும். அந்த முழுக் கூம்போடு இங்கே தரையில் எரித்தால் வெளிக்காற்று உள்ளே நெருக்கி, தீ கூம்பின் சுவரை விட்டுப் பிரிந்து, கூம்பையே உலுக்கி உடைத்துவிடும். அதனால்தான் ஒரு பெரிய இரும்பு அறை கட்டி, அதில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு எரிக்கப் போகிறோம். ஜூலையில் சோதனை. கூம்பு என் பொறுப்பு.

தோள் எப்படி இருக்கிறது? உன் "சரியாகிவிட்டது"களை எனக்குத் தெரியும்.

அக்கா

*

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். பலூன் கதையை என் மகளுக்குச் செய்து காட்டினேன். பலூன் அலமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது, எடுத்துத் தரச் சொல்லி ஒரே ரகளை. உன் சாட்சி அங்கேயே கிடக்கட்டும்.

காதில் பூ சுற்றாதே, அக்கா. பன்னிரண்டு வருஷமாக ஹோஸ் முனையில் நிற்கிறவனிடம் வந்து தள்ளுவதைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய். தண்ணீரைத் திறந்ததும் முனை நம்மைப் பின்னால் முட்டித் தள்ளும் பார், அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் எனக்குப் பின்னால் என் கூட்டாளி நெட்டை தோள் கொடுத்து நிற்பான். ஏன் முட்டுகிறது? தண்ணீர் போய்ச் சுவரிலோ தீயிலோ காற்றிலோ மோதுகிறது. அந்த மோதல் தண்ணீர் வழியாகவே திரும்பி வந்து என்மேல் விழுகிறது. இது குழந்தைக்குக்கூடத் தெரியும். வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போடாத குறையாக நின்று அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் பம்ப்காரருக்குக்கூடத் தெரியும்.

வேண்டுமானால் சோதித்துப் பார்க்கலாம். நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி. ஒரு கை பார்த்துவிடலாம்.

தம்பி

*

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மாட்டிக்கொண்டாய்.

நிலையத்து முற்றத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடு. குதிகாலைக் கோட்டில் வைத்து நில். ஒரு முறை வெட்டவெளியைப் பார்த்துத் தண்ணீர் அடி. ஒரு முறை சுவரைப் பார்த்து அடி. சுவர் உன்மேல் தெறிக்காத தூரத்தில் இருக்க வேண்டும், தெறித்து வரும் தண்ணீரைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. இரண்டு தடவையும் பம்ப் அழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும், தனியாளாகப் பிடிக்கக்கூடிய அளவுக்குக் குறைவாக. முனையை நீதான் பிடிக்க வேண்டும், நெட்டை பின்னால் நிற்கக் கூடாது. விசில் ஊதும்வரை பிடித்திருந்து, கோட்டிலிருந்து கால் எவ்வளவு பின்னால் நகர்ந்தது என்று பார்.

நான் சொல்வது: இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். முனையை விட்ட தண்ணீர் எங்கே போய் மோதினால் உனக்கென்ன? உன்னைத் தள்ளியது முனையை விட்டுக் கிளம்பும்போதே தள்ளிவிட்டது.

தோளுக்குத் தொந்தரவு இருந்தால் செய்யாதே. சண்டை காத்திருக்கும். தோள் எப்படி?

அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

துணியையும் பாலிஷ் டப்பாவையும் எடுத்து வை.

நேற்று முற்றத்தில் நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். நிலைய அதிகாரி விசில் ஊதினார். பம்ப்காரர் முள்ளைப் பார்த்து அழுத்தம் மாறாமல் வைத்திருந்தார். நெட்டை சுண்ணாம்போடு குந்தி உட்கார்ந்து நீதிபதி வேலை பார்த்தான். முதலில் வெட்டவெளி: கால் ஒரு சாண் நகர்ந்தது. அடுத்து சுவர்: மூன்று சாண், விசிலுக்கு முன்னாலேயே மூடவேண்டியதாகிவிட்டது. மூன்று சாண், அக்கா. சுவர் தள்ளியது. நிலையமே சாட்சி.

அம்மாவிடம் சொன்னேன். "அவ எழுதிக் குடுக்கட்டும், அப்புறம் பேசு" என்றாள். காத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் நலம், நான் ரொம்ப நலம்.

தம்பி

*

ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அப்படி வரவே முடியாது என்று எழுதப் பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். வந்ததை வரவில்லை என்று சொல்வது எங்கள் தொழிலில் பாவம்.

இன்னும் ஒரே ஒரு தடவை செய். இந்த முறை வரிசையை மாற்று. முதலில் சுவர், பிறகு வெட்டவெளி. வேறு எதையும் மாற்றாதே. அதிலும் சுவர்தான் அதிகம் தள்ளியது என்றால், இங்கே எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து உன் காலணியைத் துடைக்கிறேன்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல். தோள் எப்படி இருக்கிறது என்று போன கடிதத்தில் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. எப்படி இருக்கிறது?

அக்கா

*

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

மாற்றிச் செய்தேன். இந்தத் தடவை சுவருக்கு ஒரு சாண், வெட்டவெளிக்கு மூன்றுக்கு மேல். பம்ப்காரர் பராக்குப் பார்த்து அழுத்தத்தைக் கூட்டிவிட்டிருப்பார். அவரிடம் சொன்னதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இந்தச் சோதனை செல்லாது, பழையதுதான் கணக்கு. இங்கே வேலை அதிகம். எல்லோரும் நலம்.

தம்பி

*

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

மே மாதம் முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டபோதெல்லாம் நீ பணியில் இருப்பதாக அம்மா சொன்னாள். ஒரு தடவை பின்னால் உன் இருமல் கேட்டது. பரவாயில்லை.

ரொம்ப யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். நீ சொன்னதே சரி. ராக்கெட் காற்றைத்தான் தள்ளிக்கொண்டு போகிறது. காற்று இல்லாத இடத்தில் வேறு எதையோ தள்ளிக்கொண்டு போகிறது, எதை என்று எனக்குத் தெரியவில்லை. உன் முதல் சோதனை சரி, இரண்டாவது செல்லாது. தோற்றேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அம்மாவிடம் காட்டு. இங்கே வேலை செய்பவர்கள் கண்ணில் மட்டும் இது படக் கூடாது. கூம்பை என்னிடம் நம்பிக் கொடுத்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

காலணியை அனுப்பு. துடைத்துத் தருகிறேன்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மகளுக்குப் பல் விழுந்துவிட்டதா? உன் மனைவி தையல் வகுப்புக்குப் போகிறாளா? எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

*

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நிலையத்தில் வண்டிக்குப் பின்னால் நின்று படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. நீ தோற்றேன் என்று எழுதி நான் பார்த்ததே இல்லை. நெட்டையைக் கூப்பிட்டுக் காட்டப் போனேன். அப்புறம் கடைசிப் பத்தியைப் படித்தேன். அம்மாவின் முழங்கால், குழந்தையின் பல், தையல் வகுப்பு எல்லாம் இருக்கிறது. தோள் மட்டும் இல்லை. எல்லாக் கடிதத்திலும் என்னைப் பிடுங்கி எடுத்த கேள்வியை இதில் நீ கேட்கவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். நீ வரிசையை மாற்றச் சொன்னதும் மாற்றினேன். இரண்டாவதாக எது வந்தாலும் அதுதான் அதிகம் தள்ளியது. தண்ணீர் மாறவில்லை, சுவர் மாறவில்லை, பாவம் அந்தப் பம்ப்காரரும் எதையும் மாற்றவில்லை. முதல் தடவை பிடித்ததிலேயே என் கை ஓய்ந்துபோய், இரண்டாவது தடவை விட்டுக் கொடுக்கிறது. உன் கட்சி சரி என்று ஒப்புக்கொண்டால், என் கை போய்விட்டது என்றும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் சுவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மே மாதம் எழுதாததற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாடி வீட்டில் தீ. படிக்கட்டில் நான் முனையைப் பிடித்திருந்தேன், கை விட்டுவிட்டது. ஹோஸ் திமிறி நெட்டையை அடித்துப் படியில் தள்ளியது. முட்டியில் நாலு தையலோடு தப்பித்தான். ஈரத்தில் வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் மழுப்பினேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் அவன் அதை நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் காட்டிக் கொடுக்கவில்லை.

அக்கா, நீ எனக்காக ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். காற்றே இல்லாத அறையில் இன்ஜினை எரிக்கப் போகிறவள், ராக்கெட் காற்றைத் தள்ளுகிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டியைத் துடைப்பது போல் பாவனை செய்தேன்.

மறுநாள் நிலைய அதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். தேர்வு வரைக்கும் காத்திருக்கவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது என்றார். அறுவை சிகிச்சை செய்யலாம். செய்தால் சட்டை போடலாம், குழந்தையைத் தூக்கலாம். ஹோஸ் முனையை மட்டும் இனிமேல் பிடிக்க முடியாது.

தோற்றேன். முனையை விட்டுக் கிளம்பும்போதே தள்ளிவிடுகிறது, எங்கே போய் மோதினாலும் ஒன்றுதான். கீழே கையெழுத்து.

தம்பி

*

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே கிளம்பி வரப் பெட்டியை எடுத்தேன். அதற்குள் தொலைபேசியில் உன் மனைவி, "அண்ணி, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நீங்க சோதனையை முடிச்சிட்டே வாங்க, இல்லேன்னா இவரு அதையும் தன் தலையில போட்டுக்குவாரு" என்றாள். உன்னைக் கட்டிக்கொண்டவளுக்கு உன்னை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. நெட்டையின் முட்டியில் விழுந்த தையல் அவன் தலையில் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? அதை நேரில் வந்து திட்டிக்கொள்கிறேன், எழுத்தில் வேண்டாம். இப்போது மற்றதைச் சொல்கிறேன். உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நேராகக் கேட்டால் நீ பொய் சொல்வாய், அந்தப் பொய்க்கு அப்புறம் காவல் நிற்பாய். உன்னைத் தோற்கடித்துத்தான் உண்மையை வாங்கவேண்டும் என்றால் எனக்கு அந்த ஜெயமே வேண்டாம் என்று தோன்றியது. நானே தோற்றுவிட்டால் உனக்குச் சண்டை போட ஒன்றும் மிச்சமிருக்காது, அப்புறமாவது டாக்டரிடம் போவாய் என்று நினைத்தேன்.

முந்தாநாள் சோதனை நடந்தது. இரும்பு அறையில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தோம். இன்ஜினை மாட்டியிருக்கும் தாங்கியில் அது எவ்வளவு தள்ளுகிறது என்று காட்டும் கருவி இருக்கிறது. நாங்கள் தூரத்தில் வேறு கட்டிடத்தில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். எரிந்தது. தீ கூம்பின் சுவரை விட்டுப் பிரியவே இல்லை, கடைசிவரை சுவரைத் தள்ளிக்கொண்டே விரிந்து போனது. முன்பு தரையில் கூம்பைக் குட்டையாக வெட்டி எரித்தபோது வந்ததைவிட எண் நன்றாகவே ஏறியது. ஒன்றுமே இல்லாத இடத்தில்தான் அது நன்றாகத் தள்ளுகிறது, தம்பி. எல்லோரும் கைதட்டினார்கள். நான் உன்னை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன். இப்போது கேட்கிறேன், ஒழுங்காகப் பதில் எழுது. தோள் எப்படி இருக்கிறது?

அக்கா

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தோள் வலிக்கிறது. இரவில் அதிகம். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை வாரிவிடுவது என் மகள்தான், வகிடு தினமும் ஒரு பக்கம் போகிறது. இதுதான் முழு உண்மை.

நேற்று வேலைக்குத் திரும்பினேன். பம்ப் வேலை கொடுத்திருக்கிறார்கள், இரண்டாவது ஷிப்டில். முதலில் போய்ப் பழைய பம்ப்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "முள்ளைப் பாரு, பேச்சைக் குறை" என்றார். வேலை தெரிந்துவிட்டது. மாலையில் ஒரு மரப்பட்டறையில் தீ. நெட்டை முனையில் நின்றான், ஒரு புதுப் பையன் அவனுக்குத் தோள் கொடுத்தான். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். முள் கொஞ்சம் கூடினால் அவர்கள் இருவரும் பின்னால் விழுவார்கள், கொஞ்சம் குறைந்தால் தண்ணீர் தீயை எட்டாது. இத்தனை வருஷமும் நான் விழாமல் நின்றது என் பலத்தால் மட்டும் இல்லை என்று அங்கே நின்றபோது புரிந்தது. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. தீ அணைந்ததும் நெட்டை வந்து என் தலையில் ஒன்று போட்டான். அதோடு அவனுக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது.

அம்மாவிடம் உன் கையெழுத்தையும் என் கையெழுத்தையும் சேர்த்தே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் இரண்டு தடவை படித்தாள். "ரெண்டு பேரும் தோத்தேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, இப்படி ஒரு கேஸை நான் டைப் அடிச்சதே இல்லை" என்றாள். அப்புறம் தீர்ப்பு வந்தது. நான் உண்மையாகவே தோற்றதால் உன் காலணியைத் துடைக்க வேண்டும். நீ தெரிந்தே பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டதால் என் காலணியை நீ துடைக்க வேண்டும். மேல்முறையீடு கிடையாது.

நீ இங்கே விட்டுப்போன கறுப்புக் காலணியை இதோடு அனுப்பியிருக்கிறேன். இடது கையால் துடைத்தது, பளபளப்பில் குறை இருக்கும், பொறுத்துக்கொள். அதே பெட்டியில் என் பூட்ஸையும் வைத்திருக்கிறேன். ஹோஸ் முனையில் நின்றபோது போட்டது. ஜூனில் அதைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டேன், இனிமேல் எதற்கு என்று. அம்மாதான் ஆள் பிடித்து இறக்கி வைத்தாள்.

நன்றாகத் துடைத்து, வரும்போது கையோடு கொண்டு வா. பம்ப் பக்கத்திலும் சேறு நிறைய.

உன் அன்புத் தம்பி